பாலத்தில் நிற்கும் தூதன்

புஷ்பவள்ளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள். 2024ஆம் ஆண்டு ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலேசியாவின் யோங் பெங்கில் தன் தாமான் குடியிருப்பு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே துண்டை நான்கு தடவை மடித்தாள். நான்கு தடவையும் உதறினாள். எதிரே டிவியில் ஓரன் என்கிற ஊர் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊர் அவள் கண்ணெதிரே எரிவது அது எட்டாவது முறை.

"என்னா, மறுபடியும் கொளுத்திட்டானுங்களா?" என்றான் அவள் கணவன் வேலு. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஞாயிறுகளில் அவன் வேலை சாப்பிடுவதும் சீண்டுவதும்தான். "தண்ணி ஊத்தி அணைக்க ஒரு பட்டன் இல்லையா அதுல?"

"வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

"எட்டுத் தடவ பாத்த படத்துல வில்லன் திருந்துவான்னு ஒக்காந்திருக்கே பாரு."

அவள் துண்டை ஐந்தாவது தடவை மடித்தாள்.

புஷ்பவள்ளி 1974இல் பாலோவுக்கு அப்பால் இருந்த ஏழாம் கட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் 2001இல் கைமாறியது, தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், ஆட்கள் யோங் பெங், குளுவாங் என்று சிதறினார்கள். 1999 முதல் இன்றுவரை பத்து பாகாட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். தைத்து முடிந்த சட்டை அவள் மேசைக்கு வரும். முதலில் வெளிப்பக்கம் பார்ப்பாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிக்கொண்டு போவாள். வெளியே பளபளப்பாக இருக்கும் சட்டைதான் உள்ளே ஏமாற்றும் என்பது அவள் இருபத்தைந்து வருட அனுபவம். ஒரு நாளைக்கு நானூறு சட்டை.

டிவியோடு மாட்டியிருந்த வீடியோ விளையாட்டுப் பெட்டி மகள் லோஷினியுடையது. சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வாடகை அறை. அறையில் கால் நீட்ட இடமில்லை என்று 2022 கடைசியில் பெட்டியை அம்மா வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. அதன் ஆங்கிலப் பெயர் நீளமானது. வீட்டில் 'பாலம் கேம்' என்றுதான் சொல்வார்கள். வாளேந்திய ஒரு நாடோடிப் பெண்ணாக நாம் ஊர் ஊராக நடக்க வேண்டும். மந்திரக்காரர்கள், பேய்கள், பேசும் நரிகள். எதிரே வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். இரண்டு மூன்று பதில்கள் திரையில் வரும். ஒன்றை அழுத்த வேண்டும். உன் ஒவ்வொரு பதிலும் இந்த உலகத்தை மாற்றும் என்று அட்டையில் பொன்னெழுத்தில் போட்டிருந்தது.

முதல் ஆட்டத்தை 2023 ஜனவரி 1, ஞாயிறன்று தொடங்கினாள். முடிக்கப் பதினான்கு ஞாயிறுகள் ஆயின. ஓரன் அந்தக் கதையில் நடுவழி ஊர். கிணற்றடியில் ஒருத்தி ரொட்டி கொடுப்பாள். நொண்டி நாய் ஒன்று பின்னால் வரும். மாவு மில்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். ஊர் எல்லைப் பாலத்தில் வெள்ளைக் குதிரையில் அரசனின் தூதன் வழிமறித்து மூன்றில் ஒன்று கேட்பான்: ஊரின் தானியம், ஊரின் வாலிபர்கள், அல்லது கோயில் பூசாரிக் கிழவி. "உன் பதில் என்ன?" அவள் தானியத்தைக் கொடுத்தாள். இரண்டு அத்தியாயம் கழித்துத் திரும்பி வந்தால் ஊர் சாம்பல்.

தன் தப்பு என்று நினைத்தாள். அதனால்தான் இரண்டாவது தடவை தொடங்கினாள்.

இரண்டாம் ஆட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. முதல் தடவை மூஞ்சியைத் திருப்பிய மில்காரன் உண்மையில் அழுகையை மறைத்தவன் என்று இரண்டாம் தடவைதான் தெரிந்தது. அவன் மகன் ஏற்கெனவே படைக்குப் போய்ச் செத்திருந்தான். அதே சொல், அதே முகம், கேட்கிற காது மட்டும் வேறு. மூன்றாம் தடவை கிணற்றடிப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொண்டாள். ஒரு கதைக்குள் மறுபடி போவதில் இவ்வளவு இருக்கிறதா என்று தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லிப் போவாள். அவர்கள் தொடர் நாடகம் பார்ப்பதுபோல் தினமும் கேட்பார்கள்: "பாலம் தாண்டிட்டீங்களாக்கா?"

நான்காம் ஆட்டத்திலிருந்து அவள் கை தானாகவே சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பியது. வாலிபர்களைக் கொடுத்தாள்: எரிந்தது. கிழவியைக் கொடுத்தாள்: எரிந்தது. தூதனை வெட்டினாள்: வேறு தூதன் வந்தான், எரிந்தது. லஞ்சம் கொடுத்தாள், காலில் விழுந்தாள், பாலத்துக்கே வராமல் காட்டு வழியாகச் சுற்றினாள். எல்லாவற்றையும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதினாள். புகையின் நிறம் மாறியது. யார் முதலில் சாகிறார்கள் என்பது மாறியது. யார் அவளைத் திட்டுகிறார்கள் என்பது மாறியது. ஊர் மட்டும் எட்டுத் தடவையும் எரிந்தது.

லோஷினி சொன்னாள்: "ம்மா, அது அப்படித்தான்லா. மூணு ரோடு போட்டாலும் ஒரே எடத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு ரோட்டுக்கும் தனித்தனியா ஒலகம் செய்ய அவங்களுக்கு ஆளு பத்தாது."

"அப்ப எதுக்கு எங்கிட்டக் கேக்குறான்? கொளுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா கொளுத்திட்டுப் போ. என் கையால எதுக்கு அமுக்க வைக்கிற?"

"கேம்மா அது."

"எரிச்சவனும் அவன், எட்டுத் தடவ குத்த உணர்ச்சில தூங்காதவ நான். நல்லா இருக்கு நியாயம்."

ஒன்பதாவது ஆட்டத்தில் 2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு பிற்பகல் இரண்டேகாலுக்குப் பாலத்துக்கு வந்தாள். தூதன் கேட்டான். மூன்று பதில்களும் திரையில் வரிசையாக நின்றன. அந்த நேரம் வெளியே மழை இறங்கியது. கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க ஓடினாள். எடுத்தாள், மடித்தாள், கோபத்தில் மடித்ததையே மடித்தாள். திரும்பி வந்தபோது மணி மூன்று ஆகவில்லை.

தூதன் அங்கேயே நின்றான். குதிரை வாலை ஆட்டியது. "உன் பதில் என்ன?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "உன் பதில் என்ன?" அவனுக்குப் பின்னால் ஓரன் இருந்தது. கூரைகளில் அடுப்புப் புகை. கிணற்றடியில் அவள். நொண்டி நாய். எதுவும் எரியவில்லை.

அவள் ஒன்றையும் அழுத்தவில்லை. பெட்டியை அணைக்காமல் தூங்க வைக்கிற பட்டனை மட்டும் அழுத்தினாள். 2023 புத்தாண்டிலிருந்து அன்றுவரை எண்பத்து நான்கு ஞாயிறுகள். ஞாயிறில் வந்த தீபாவளி உட்பட ஏழு போக, எழுபத்தேழு ஞாயிறுகள் ஆடியிருக்கிறாள். அழுத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

"முடிக்கலன்னா கேம் அப்படியே நிக்கும்மா" என்றாள் லோஷினி போனில்.

"நிக்கட்டும்."

எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, அந்தக் கடிதம் வந்தது.

ஏழாம் கட்டைத் தோட்டத்து நிலம் இப்போது வேறொரு கம்பெனியின் கையில். அங்கே கிடங்குகள் கட்டப் போகிறார்கள். தோட்டத்து இடுகாடு நடுவில் இருக்கிறது. கல்லறை உள்ள குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பாரம், அதாவது ஒப்புதல் படிவம். மலாயில் நான்கு பக்கம், முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஏ: எலும்புகளை டவுன் இந்து மயானத்துக்கு மாற்றுவது. பி: கோயில் நிலத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நினைவுத்தூண். சி: அவரவர் எடுத்துப் போய் எரித்துக் கடலில் கரைப்பது. ஒன்றில் டிக் போட்டுச் செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். புஷ்பவள்ளியின் அப்பாவுக்கு அங்கே கல் இருந்தது. அதனால் அவளுக்கும் வந்தது.

வாட்ஸ்அப்பில் அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. பழைய தோட்டத்து ஆட்களிடம் இரண்டு சங்கங்கள் உண்டு. ஒன்றின் தலைவர் மகேஸ்வரன், ஓய்வுபெற்ற தொழிற்சங்கச் செயலாளர். மற்றதன் தலைவர் ரூபேந்திரன், வீடு கட்டும் குத்தகைக்காரர். 2011இல் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் முறைத்துக்கொண்டவர்கள். அன்று முதல் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போவதில்லை. மகேஸ்வரன் ஏ என்றார். அந்த ஒரே காரணத்துக்காக ரூபேந்திரன் பி என்றார். ரூபேந்திரன் முதலில் ஏ என்றிருந்தால் மகேஸ்வரன் உயிர்போனாலும் ஏ என்றிருக்க மாட்டார். இதில் செத்தவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

புஷ்பவள்ளி முதல் பக்கத்தோடு நிற்கவில்லை. ஏ என்று வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் படித்தாள். பிறகு பி என்று வைத்துக்கொண்டு மறுபடி. பிறகு சி. மூன்றாவது தடவை அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. மூன்றுக்கும் ஒரே வரி: 'இணைத்துள்ள பட்டியலில் உள்ள கல்லறைகள் மட்டும்.' மூன்றுக்கும் ஒரே கடைசி வரி: 'ஒப்புதல்கள் பெறப்பட்ட பின்னரே நிலம் சமப்படுத்தப்படும்.' பட்டியலில் அறுபத்து நான்கு பெயர். கம்பெனி ஆள் நடந்து போய்க் கற்களை எண்ணி எழுதிய பட்டியல்.

கல் இல்லாதவர்கள் அதில் இல்லை.

பால்பல் முளைக்காத பிள்ளைக்குத் தோட்டத்தில் கல் வைக்கும் பழக்கம் கிடையாது. கருமாதி கிடையாது. ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள். தாய் வாசலைத் தாண்டக் கூடாது. 1998 மார்ச் 9 அன்று அப்படித்தான் அவள் மகள் பிரவீனாவை எடுத்துப் போனார்கள். பிறந்து பத்தொன்பது நாள். எங்கே என்று புஷ்பவள்ளி கேட்டதில்லை. வேலுவும் சொன்னதில்லை.

அன்றைக்குக் கேட்டாள். பாரத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "பாப்பாவ எங்க வெச்சீங்க?" என்றாள்.

வேலு வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிப்பவன். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எதுக்கு இப்ப?"

"எங்க வெச்சீங்க?"

"வாய்க்கால் ஓரம். மூணாவது நெரையில அஞ்சாவது மரம்."

"அந்த மரமெல்லாம் வெட்டி இருவது வருசம் ஆச்சு."

"தெரியும். நாந்தான அந்தப் பக்கம் லோரி ஓட்டறேன்." கையை உதறினான். "கல் பாலத்துலேருந்து பன்னெண்டு எட்டு, தண்ணி போற பக்கமா. இப்பவும் போனா காட்டுவேன். வருசா வருசம் போறேன், போதுமா?"

அவள் துணி மடிக்கவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள், அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்காத தட்டை. இருபத்தாறு வருடம் தன்னைக் கூப்பிடாமல் போய் வந்தவன்மேல் வந்த கோபம் ஒரு பக்கம், ஒரு தடவைகூடக் கேட்காத தன்மேல் வந்தது இன்னொரு பக்கம். இரண்டையும்விடப் பெரிதாக நின்றது அந்தப் பாரம். அவள் கையால் அழுத்த வைக்கப் பார்க்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு காலை, கோயில் பின்னாலிருக்கும் மண்டபத்தில் கூட்டம். நூற்றுப்பத்துப் பேர். ஏ ஆட்கள் இடப்பக்கம், பி ஆட்கள் வலப்பக்கம், கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி. ஒரு மணி நேரம் கத்தினார்கள். தேர் விஷயம் இரண்டு தடவை வந்தது.

புஷ்பவள்ளி எழுந்ததும் பின்வரிசையில் யாரோ, "ஆங், கேம் விளையாடற அக்கா வந்துட்டாங்க" என்றான். சிரிப்பு. பஸ்ஸில் சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

"ஆமா, விளையாடறேன்" என்றாள். "ஒரே கேம எட்டுத் தடவ முடிச்சேன். அதனாலதான் எனக்கு இது தெரியுது. நீங்க எல்லாரும் மொதப் பக்கத்துலயே நின்னு சண்ட போடறீங்க. நான் மூணுத்தையும் கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். ஏயும் பியும் சியும் ஒரே எடத்துலதான் முடியுது. பட்டியல்ல இருக்கறவங்கள எடுப்பான். மத்த எடத்துல மண்ணுத்தள்ளி வண்டிய விடுவான்."

ரூபேந்திரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரிம்மா. நீங்க எதுக்கு டிக் போடச் சொல்றீங்க?"

"ஒண்ணுக்கும் போட வேணாம்."

இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. 2011க்குப் பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மகேஸ்வரன் பொறுமையாகச் சொன்னார்: "தங்கச்சி, டிக் போடலன்னா நமக்குப் பேச்சே இல்லாமப் போயிரும். முப்பதாம் தேதி கடைசி."

"யாருண்ணே சொன்னா? கடைசி வரிய படிங்க. நாம ஒப்புக்கிட்டாத்தான் ஆரம்பிப்பான்னு அவனே எழுதியிருக்கான். நாலாவது பக்கத்துல இருக்குண்ணே. சங்கத்துல முப்பது வருசம் கடிதம் படிச்சவரு நீங்க."

மகேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"பட்டியல்ல இல்லாதவங்க யாரும்மா அங்க?" என்று ரூபேந்திரன் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார்.

புஷ்பவள்ளி ஆண்களைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். "பச்சப்புள்ளய அங்க குடுத்தவங்க யாரெல்லாம் இருக்கீங்க?"

முன்வரிசையில் வெள்ளையம்மா இருந்தார். எழுபத்தெட்டு வயது, தோட்டத்தில் நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், காது சரியாகக் கேட்காதவர். கேள்வி மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. வலது கையைத் தூக்கினார். மூன்று விரல்.

பிறகு அவர் பின்னால் ஒரு கை. பிறகு வலப்பக்கம் இரண்டு. ரூபேந்திரனின் அம்மா, சுருட்டிய புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டே, ஒரு விரலைக் காட்டினார். ரூபேந்திரன் திரும்பிப் பார்த்தார். தனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது அவருக்கு ஐம்பத்தொரு வயதில் அன்றுதான் தெரிந்தது.

"டேய்," என்று வெள்ளையம்மா பொதுவாகச் சொன்னார், காது கேளாதவர்களின் உரத்த குரலில், "தேருக்கு அடிச்சுக்கிட்டீங்களே, இதுக்கு ஒருத்தனுக்காவது வாய் வந்துச்சாடா?"



அடுத்த நான்கு வாரம் புஷ்பவள்ளி வேலை முடிந்து வீடு வீடாகப் போனாள். நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமே எடுத்துப் போனாள். பழைய தாள்களில் ஓரன் ஊரில் யார் எப்போது செத்தார்கள் என்று இருந்தது, புதுத் தாளில் தாயின் பெயர், மாதம், ஆணா பெண்ணா, எடுத்துப் போனவர் யார், எந்த நிரை. சில தாய்மார்கள் சொல்லிவிட்டு அழுதார்கள். அதிகம் பேர் அழவில்லை. கோபப்பட்டார்கள், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்று. ஒரு கிழவி எழுதச் சொல்லிவிட்டு, "அழுத்தி எழுது, அழியாம" என்றாள். எடுத்துப் போன ஆண்களில் உயிரோடு இருந்தவர்கள் பதினொரு பேர். வேலு அவர்களை ஞாயிறுகளில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் இறக்கினான். அவர்கள் எட்டு வைத்து அளந்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி அளந்தார்கள். மூங்கில் குச்சி நட்டார்கள். ஒரு ஞாயிறு புஷ்பவள்ளியும் போனாள். கல் பாலத்திலிருந்து பன்னிரண்டு எட்டு. வேலு குச்சியைக் காட்டினான். அவள் குனிந்து அந்தக் குச்சியை இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள்.

செப்டம்பர் 25, புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். அறுபத்து நான்கு பாரங்களில் ஐம்பத்தெட்டு அவள் பையில் இருந்தன. ஒன்றிலும் டிக் இல்லை. ஒவ்வொன்றோடும் முப்பத்தொரு பெயர் கொண்ட தாள் ஊக்குப் போட்டிருந்தது. பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளைகளுக்குத் தாயின் பெயர். மீதி ஆறு குடும்பம் ஏற்கெனவே டிக் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டது. அவர்களில் ஒருவர் மகேஸ்வரனின் சொந்தத் தம்பி. அந்தக் கோபம் வேறு.

முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பாரங்களைப் புரட்டிப் பார்த்தாள். "காக், ஒன்றில் டிக் போட வேண்டும்" என்றாள் மலாயில். காக் என்றால் அக்கா.

"தெரியும்" என்றாள் புஷ்பவள்ளி, அதே மொழியில்.

"ஏ, பி, சி. எது வேண்டுமானாலும்."

"தெரியும்."

பெண் பேனாவை நீட்டினாள். புஷ்பவள்ளி அதை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போது மணி பத்து ஐந்து. அந்தப் பெண் உள்ளே போனாள், வந்தாள், மறுபடி பேனாவை நீட்டினாள். ஒரு அதிகாரி வந்து மூன்று கட்டங்களின் நன்மைகளையும் விளக்கினார். போனார். இன்னொருவர் வந்து அதையே விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பதினொன்று நாற்பதுக்கு ஐம்பத்தெட்டிலும் 'பெறப்பட்டது' முத்திரை விழுந்தது. ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

அதோடு முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் இரண்டாவது பாரம் வந்தது. இந்தத் தடவை கட்டங்கள் நான்கு. டி என்று புதிதாக ஒன்று: 'குழந்தைகளுக்குத் தனி நினைவுப் பலகை.' ரூபேந்திரனே போன் செய்து, "அக்கா, டி பரவால்ல போல இருக்கே" என்றார். அவள் அவரை நான்காம் பக்கம் படிக்கச் சொன்னாள். வரிசை மாறியிருந்தது, வார்த்தை மாறியிருந்தது, புகையின் நிறம் மாறியிருந்தது. 'பட்டியலில் உள்ள கல்லறைகள் மட்டும்' அங்கேயே இருந்தது. அரை மணி கழித்து அவர் திரும்பக் கூப்பிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், கம்பெனியை. அந்தப் பாரமும் டிக் இல்லாமல் போனது. இந்த முறை அறுபது.

அந்த மழைக்காலத்தில் யோங் பெங்கில் தண்ணீர் ஏறி ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. வந்த பிறகு பெட்டியைப் போட்டால் பாலம் இல்லை. தூங்க வைத்தது அழிந்து, கதை பழைய இடத்துக்கு, மலையடிவார முகாமுக்குப் போய்விட்டது.

"போச்சா?" என்றான் வேலு. இந்தத் தடவை சீண்டவில்லை.

"பாலத்துக்கு இருவத்தஞ்சு நிமிசந்தான்."

கன்ட்ரோலரை எடுத்தாள். அதே மலைப்பாதை, அதே நரி, அதே மில்காரன். அவன் மூஞ்சியைத் திருப்பியபோது அவள் நின்று காத்திருந்து அப்புறம் நடந்தாள். நொண்டி நாய் பின்னால் வந்தது. பாலத்தில் வெள்ளைக் குதிரை.

"உன் பதில் என்ன?"

கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்தாள். ஈரத்தில் நாறிய துணிக் குவியலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள்.